20 யூரோ டிக்கெட், 280 யூரோ வீக்கெண்ட்: நாலு பேர் வேலன்சியா போற கணக்கு

ஜெர்மனியிலயோ நெதர்லாந்திலயோ ஆன்சைட்ல இருக்கீங்களா? அப்போ இந்த மெசேஜ் உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். "மச்சான், வேலன்சியாவுக்கு 19.99 யூரோ டிக்கெட் ஓடுது, போலாமா?" அஞ்சு நிமிஷத்துல மூணு பேர் "டபுள் ஓகே" போட்டிருப்பாங்க. நாலாவது ஆள் கொஞ்சம் லேட்டா "சரி டா"ன்னு போட்டிருப்பார். இந்தப் பதிவு முக்கியமா அந்த நாலாவது ஆளுக்காகத்தான்.

முதல்ல கணக்கு. இவை உதாரண எண்கள், உங்க ஊர், சீசனைப் பொறுத்து மாறும். போக வர டிக்கெட் 40 யூரோ. சீட்டுக்கு அடியில வைக்கிற சின்னப் பை மட்டும்தான் அதுல ஃப்ரீ. கேபின் பெட்டி, நாலு பேரும் சேர்ந்து உட்கார சீட்டுன்னு சேர்த்தா 90 ஆகிடும். வீட்டுல இருந்து ஏர்போர்ட் போக வர 30. இதை லேசா எடுத்துக்காதீங்க. பேருல ஃப்ராங்ஃபர்ட் இருக்கிற ஹான் ஏர்போர்ட், ஃப்ராங்ஃபர்ட் நகரத்துல இருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கு! ரெண்டு ராத்திரி அபார்ட்மென்ட் 280ன்னா தலைக்கு 70. உள்ளூர் போக்குவரத்து 15, சாப்பாடு 75. மொத்தம் 280 யூரோ. நீங்க பார்த்து மயங்கின டிக்கெட் அதுல ஏழுல ஒரு பங்குதான்.

ஒரு யூரோ ஏறக்குறைய 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா 28,000 ரூபாய். ஆனா யூரோ சம்பளம் வாங்குறவங்க ரூபாய்ல மாத்திப் பார்க்க வேண்டாம்னுதான் சொல்வேன். "ஒரு காபி 200 ரூபாயா"ன்னு நெஞ்சைப் பிடிச்சா ஊர் சுத்த முடியாது. வாடகை, இன்ஷூரன்ஸ், வீட்டுக்கு அனுப்புறது, எஜுகேஷன் லோன் இஎம்ஐ எல்லாம் போக மாசம் எவ்வளவு மிஞ்சுதுன்னு பாருங்க. அந்த மிச்சத்தோடதான் 280ஐ ஒப்பிடணும். மாசம் 1,000 யூரோ மிஞ்சுறவருக்கு இது ஒரு வாரச் சேமிப்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பிட்டு 300 மிஞ்சுறவருக்கு ஒரு மாசச் சேமிப்பே காலி. ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் ஒரே டெசிக்னேஷன், ஒரே சம்பளமா கூட இருக்கலாம். அதனாலதான் வெளியில தெரியறதில்ல.

அதனால டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா அவங்க லிமிட்டைக் கேளுங்க. குரூப்ல கேட்காதீங்க, அங்க யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. அதுல எது குறைஞ்ச தொகையோ அதுதான் ட்ரிப்போட பொது பட்ஜெட். மிச்சம் இருக்கிறவங்க தனிச் செலவா எவ்வளவு வேணும்னாலும் பண்ணட்டும். சராசரி எடுத்தா நாலாவது ஆள் மாட்டிக்குவார்.

வேலன்சியாவுல இது ஈஸியாவே நடக்கும். ஏர்போர்ட்டுல இருந்து மெட்ரோ 3, 5ஆம் லைன்கள் நேரா ஊருக்குள்ள வருது. ராத்திரி லேட்டா இறங்கினா மட்டும் டாக்ஸி. நாலா பிரிச்சா வலிக்காது. 1957ல பெரிய வெள்ளம் வந்த பிறகு துரியா நதியை ஊருக்கு வெளியே திருப்பி விட்டாங்க. பழைய ஆத்துப் படுகை இப்போ ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளப் பூங்கா, நடக்கக் காசு கிடையாது. அதுலயே நடந்து போனா கலை அறிவியல் நகரம் வந்துடும். வெளியே நின்னு பார்க்கிறதும் ஃப்ரீ. உள்ளே இருக்கிற ஓஷியானோகிராஃபிக் மீன் காட்சியகத்துக்கு 30 யூரோவுக்கு மேல. அது பொதுச் செலவுல வரக்கூடாது, விரும்புறவங்க அவங்க காசுல போகட்டும். மல்வரோசா பீச்சுக்கு ட்ராம் இருக்கு.

சனிக்கிழமை காலைல மெர்காடோ சென்ட்ரல் மார்க்கெட்டுல பழம், பிரெட் வாங்கிடுங்க. மதியத்தோட மூடிடுவாங்க, ஞாயிறு லீவு. பாயெய்யா இந்த ஊர்ச் சாப்பாடு. மதியத்துலதான் சாப்பிடுவாங்க, பெரும்பாலும் குறைஞ்சது ரெண்டு பேருக்குத்தான் தருவாங்க. பாரம்பரிய வகையில சிக்கனும் முயல் கறியும் இருக்கும். குரூப்ல ஒரே ஒரு வெஜிடேரியன்னா, ரெண்டு பேருக்கான காய்கறிப் பாயெய்யாவை அவர் தலையில கட்டாதீங்க, இன்னொருத்தர் கூடச் சேர்ந்துக்கோங்க. நம்ம கோரைக்கிழங்கு இனத்துல வர்ற ஒரு கிழங்குல செய்யற ஓர்சாத்தா குளிர்பானமும் ஒரு தடவை குடிச்சுப் பாருங்க.

ஒரு சிஏவா எனக்குப் பிடிச்ச இடம் லோன்ஹா, பழைய பட்டு வணிகக் கட்டடம். யுனெஸ்கோ 1996ல பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. ஞாயிறு காலை போங்க, கட்டணம் இல்ல. 1407ல இந்த நகரம் ஆரம்பிச்ச பொது வங்கி பிறகு இங்கேதான் இயங்கிச்சு. பெரிய கூடத்தோட சுவரைச் சுத்தி லத்தீன்ல ஒரு வாசகம் ஓடும். பொய் சொல்லாம, பக்கத்து ஆளுக்குக் கொடுத்த வாக்கை மீறாம, வட்டிக்கு விடாம இருக்கிற வணிகன் செழிப்பான்ங்கிற மாதிரி அர்த்தம். நாலு பேர் கூட்டா செலவு பண்றப்போ இந்த மூணுமே வந்து நிக்கும்.

எப்படின்னு பாருங்க. குரூப்ல ஒருத்தர் தன் இந்தியன் கிரெடிட் கார்டுல எல்லாருக்கும் சேர்த்து 800 யூரோவுக்கு புக் பண்றார், ரிவார்டு பாயின்ட் வரும்னு. பல கார்டுகள்ல ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம் வரைக்கும் இருக்கு, அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரெண்டும் சேர்ந்து 4.13 சதவீதம், அதாவது 33 யூரோ. ஸ்ப்ளிட் பண்ற ஆப்புல இது வராது. மத்தவங்க சரியா 200, 200ன்னு அனுப்பிடுவாங்க, 33 யூரோ அவர் கையை விட்டுப் போயிருக்கும். இதுல ஒருத்தர் "அடுத்த மாச சம்பளத்துல தர்றேன் டா"ன்னா, கார்டு ட்யூ டேட் தாண்டினா வட்டியும் அவர்தான் கட்டணும்.

இதுக்கு வழி, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லாரும் ஒருத்தரோட யூரோ அக்கவுண்ட்டுல பொதுப் பணத்தைப் போட்டுடுங்க. மேல சொன்ன கணக்குல தங்குறது, போக்குவரத்து, சாப்பாடு சேர்த்து தலைக்கு 160. எல்லாம் அதுல இருந்து. பீர் மட்டும் தனி, குடிக்காதவர் ஏன் பங்கு கொடுக்கணும்? கடையிலயோ ஏடிஎம்லயோ இந்தியன் கார்டு போட்டா "ரூபாயில கட்டலாமா"ன்னு திரையில கேட்கும். யூரோவையே தேர்ந்தெடுங்க. ரூபாய்ல மாத்துற ரேட் பொதுவா மோசமாதான் இருக்கும்.

பாஸ்போர்ட் ஒரிஜினலும் ரெசிடென்ஸ் பர்மிட்டும் கையில இருக்கணும், போட்டோ காப்பி செல்லாது. சில மலிவு விமானங்கள்ல ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாதவங்க செக்யூரிட்டிக்கு முன்னாடியே கவுன்டர்ல டாக்குமென்ட் காட்டணும், சீக்கிரமா போங்க. லண்டன்ல இருந்து சேர்ந்துக்கிற இந்திய பாஸ்போர்ட் நண்பருக்குத் தனியா ஷெங்கன் விசா வேணும். அந்தச் செலவும் அவர் லிமிட்டுக்குள்ள வருதான்னு கேட்டுக்கோங்க.

கடைசி நேரத்துல ஒருத்தர் வரலைன்னா? மலிவு டிக்கெட்டுல பேர் மாத்துற கட்டணம் டிக்கெட்டை விட அதிகமா இருக்கலாம். அதனால புக் பண்ற அன்னைக்கே பேசி குரூப்ல எழுதி வச்சுடுங்க: டிக்கெட் அவரோட நஷ்டம், ரூம் பங்கையும் அவர் கொடுக்கணும், அவர் இடத்துல வேற யாராவது வந்தா ரூம் காசு திரும்பக் கிடைக்கும், சாப்பாட்டுப் பங்கு முழுசா ரிட்டர்ன். மீதி இருக்கிற பொதுப் பணத்தை ஞாயிறு சாயங்காலம் போர்டிங் கேட்ல உட்கார்ந்தே பிரிச்சு அனுப்பிடுங்க. திங்கட்கிழமை ஆபீஸ் ஆரம்பிச்சுட்டா அந்த 11 யூரோவை யாரும் கேட்கவும் மாட்டாங்க, மறக்கவும் மாட்டாங்க.