களமும் அறமும் – 17: பயிற்சியாளரை மாற்றுவது நன்றிகேடா?

பதக்கம் வாங்கிய கையோடு பயிற்சியாளரின் காலில் விழும் வீரரின் படத்தைப் பார்த்தால் நமக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது. அதே வீரர் ஓராண்டு கழித்து வேறு பயிற்சியாளரிடம் போனால், ஏறிய ஏணியை எட்டி உதைத்துவிட்டார் என்கிறோம். நன்றி என்றால் கூடவே இருப்பது, விலகினால் நன்றிகேடு என்ற இந்தக் கணக்கு நம் விளையாட்டுலகில் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்தக் கணக்கு பிழையானது மட்டுமல்ல, சில நேரங்களில் ஆபத்தானதும்கூட. விலகிப் போனவர் காட்டிய நன்றி, ஒட்டிக்கொண்டே இருந்தவர் காட்டியதைவிடப் பெரிதாக இருக்க முடியும். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் அதற்குச் சரியான சான்று.

சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ‘ஓல்ட் பாய்ஸ்’ என்ற டென்னிஸ் கிளப்பில் சிறுவன் ஃபெடரரைச் செதுக்கியவர் பீட்டர் கார்ட்டர் என்ற ஆஸ்திரேலியர். உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வராத ஆட்டக்காரர். ஆனால், பொறுமையான ஆசிரியர். பையனின் ஆட்ட நுணுக்கத்தையும் முன்கோபத்தையும் ஒருசேரச் சீர்செய்ய முயன்றவர். 2000-ஆம் ஆண்டில் ஃபெடரர் தனக்கென ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லோரும் கார்ட்டர் பெயரை எதிர்பார்த்தார்கள். ஃபெடரரோ சுவீடனைச் சேர்ந்த பீட்டர் லண்ட்கிரேனைத் தேர்ந்தெடுத்தார். 2002 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவில் கார் விபத்தில் கார்ட்டர் இறந்தபோது அவருக்கு வயது 37. மறு ஆண்டுதான் ஃபெடரர் முதல் விம்பிள்டனை வென்றார். அதன் பிறகு அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். அடிலெய்டு பக்கம் வாழ்ந்த கார்ட்டரின் பெற்றோரை ஆண்டுதோறும் மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு வரவழைத்தார். விமானப் பயணம், தங்குமிடம் எல்லாம் அவர் செலவு. தன் குடும்பத்தாரும் அணியினரும் அமரும் இடத்திலேயே அவர்களையும் உட்காரவைத்தார். 2019-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கார்ட்டரைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் உடைந்து அழுதார். இவ்வளவுக்கும் தனிப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது அவர் கார்ட்டரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதர் செய்தவைதான், இரண்டிலும் அவர் நேர்மையாகவே இருந்தார்.

இதில் முரண் ஏதும் இல்லை என்பது பயிற்சி நடக்கும் விதத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். பத்து வயதில் மட்டையைப் பிடிக்கவும் காலை நகர்த்தவும் கற்றுத்தருவது ஒரு வேலை. இருபது வயதில் ஊர் ஊராகக் கூடவே வந்து, எதிராளியின் ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்து உத்தி வகுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒருவரே செய்தால் அது நல்வாய்ப்பு. செய்தே தீர வேண்டும் என்று விதியில்லை. பாட்மிண்டன் வீராங்கனை சாய்னா நேவால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது கோபிசந்தின் பயிற்சியில். 2014-இல் அவரை விட்டுப் பெங்களூருக்குப் போய் விமல் குமாரிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டிக்கு முன்னேறினார், உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தார். 2017-இல் கோபிசந்திடமே திரும்பி வந்தார். அந்தப் பிரிவு தன்னை வருத்தியதைக் கோபிசந்த் மறைக்கவில்லை. அந்த வலியை நான் சிறிதாக மதிப்பிடவில்லை. வளர்த்த பிள்ளை வாசல் தாண்டும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால், ஒருவருக்கு வலித்தது என்பதாலேயே மற்றவர் துரோகம் செய்தார் என்று ஆகிவிடாது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம், நம் மரபில் குரு தெய்வம்’ என்று சிலர் சொல்லக்கூடும். மரியாதை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், நன்றியைக் கொடுப்பவர் விருப்பத்துக்கு விடாமல், வாங்குபவர் வசூலிக்கும் கடனாக்கினால் என்ன நடக்கும் என்பதை ஏகலைவன் கதையே சொல்லிவிட்டது. இன்றைய களத்தில் அணித் தேர்வு, விடுதி இடம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்று பலவும் பயிற்சியாளரின் ஒரு சொல்லில் தொங்குகின்றன. ‘உன்னை ஆளாக்கியவர் அவர்’ என்று வீட்டிலும் சொல்லி வளர்க்கப்படும் ஒரு சிறுமி, அவரிடமிருந்து தவறு வரும்போது யாரிடம் வாய் திறப்பாள்? 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் புகாரில் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானார். அதன் பிறகுதான் பல ஆண்டுகளுக்கு முன் அவரிடம் பயின்ற பெண்களும் பேச முன்வந்தார்கள். விலகும் உரிமை இருக்கும் இடத்தில்தான் நன்றி நன்றியாக இருக்கும்.

அப்படியானால் வீரர் எதைச் செய்வது நன்றி? உண்மையைச் சொல்வது. தன் கால்களுக்குள் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். அமெரிக்கத் தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பள்ளிப் பருவத்தில் மாலை நேரங்களில் வேலைக்குப் போனார். அதனால் கிளீவ்லேண்டில் அவருடைய பயிற்சியாளர் சார்லஸ் ரைலி, காலையில் பள்ளி தொடங்கும் முன்பே வந்து பயிற்சி கொடுத்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்று உலகப் புகழ் பெற்ற பிறகும் ஓவன்ஸ் ரைலியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த விடியற்காலைகள் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அமைப்புகள் இதைத் தாமாகச் செய்வதில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் பி.டி. உஷாவுக்கு வெண்கலம் கைநழுவியது. ஆனாலும் அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார், மறு ஆண்டு தொடங்கப்பட்ட துரோணாச்சாரியா விருதை முதன்முதலாகப் பெற்றவர்களில் ஒருவரானார். அது நியாயமான தேர்வு. உஷாவைப் பள்ளி வயதிலேயே கண்டெடுத்து உலக மேடை வரை கொண்டுபோனவர் அவர் ஒருவரே என்பதால் யாருக்கும் குழப்பம் இல்லை. பெரும்பாலோர் கதை அப்படி அமைவதில்லை. ஊர்ப் பள்ளியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கைக்காசில் ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போன பி.டி. மாஸ்டரிடமிருந்து பையன் பதினைந்து வயதில் விளையாட்டு விடுதிக்குப் போகிறான், அங்கிருந்து தேசிய முகாமுக்கு. பதக்கம் வரும்போது பக்கத்தில் நிற்பவர் கடைசியாக வந்தவர்.

பதக்கத்துக்குத் தரும் பரிசில் முதல் பயிற்சியாளருக்கும் பங்கு என்று அரசு அறிவித்தால் பத்துப் பேர் உரிமை கோரி வருவார்கள் என்று அதிகாரிகள் தயங்கலாம். வருவார்கள்தான். அதனால்தான் அந்தப் பெயரைச் சங்கத்திடமோ அலுவலகத்திடமோ கேட்காமல், பரிசுக்கான படிவத்திலேயே ஓர் இடம் விட்டு, வீரரின் கையால் எழுதி வாங்க வேண்டும். அவர் மூன்று பயிற்சியாளர்களை மாற்றியவராக இருந்தாலும் பரவாயில்லை.

(தொடரும்)