உங்களுக்குத் தெரியுமா? பத்துக்குப் பத்தில் ஒரு ஆபீஸ்

★ மூன்றடி அகலக் கதவு உள்பக்கமாகத் திறந்தால், அது வீசி வருவதற்கு மட்டும் ஏறக்குறைய 7 சதுர அடி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நூற்றுக்கு ஏழு பங்கு! அங்கே நாற்காலி போட முடியாது, குப்பைக்கூடைகூட வைக்க முடியாது. ஆனால் வாடகை அதற்கும் சேர்த்துத்தான். ஸ்லைடிங் கதவாக மாற்றினால் அந்த ஏழும் திரும்பக் கைக்கு வரும்.

★ வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. 'முந்நூறு சதுர அடி சார்' என்று புரோக்கர் சொல்லும் கணக்கில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கலாம். 2016-ல் வந்த ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 'கார்பெட் ஏரியா' என்பதற்கு விளக்கமே எழுதி வைத்திருக்கிறது: உள்ளே உண்மையில் புழங்கும் தரை, வெளிச்சுவர் சேராது, உள்தடுப்புச் சுவர் சேரும். அது விற்பனையை மனதில் வைத்து எழுதிய சட்டம். வாடகை பேசும்போதும் அதே சொல்லைப் போட்டுக் கேளுங்கள். டேப்பைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் உத்தமம்.

★ டேப் சொல்வது ஒன்று, கண் சொல்வது வேறு. ஒரே அளவில் இரண்டு சதுரம் வரைந்து, ஒன்றில் படுக்கைக் கோடுகளும் மற்றதில் நெட்டுக் கோடுகளும் போட்டுப் பாருங்கள். படுக்கைக் கோடு போட்டது உயரமாகவும், நெட்டுக் கோடு போட்டது அகலமாகவும் தெரியும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே எழுதிவிட்டார். தாளில் நடப்பது நான்கு சுவரிலும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'நெட்டுக் கோடு ஒட்டினால் அறை உயர்ந்துவிடும்' என்கிற வால்பேப்பர் கடைக்காரருக்குப் பணம் கொடுக்குமுன் இரண்டு சதுரம் வரைய அரை நிமிஷம்தான் ஆகும்.

★ 'சீலிங் வெள்ளை, சுவர் அடர்த்தி, அப்பதான் ஹைட் தெரியும்.' பெயின்டர்களின் இந்த வேதவாக்கை ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயரத்தைக் கூட்டவில்லை. சீலிங் வெளிறினாலும் அறை உயர்ந்து தெரிந்தது, சுவர் வெளிறினாலும் உயர்ந்து தெரிந்தது. ஆக இரண்டுமே வெளிர் நிறமாக இருப்பதுதான் லாபம். ஒரே பெயின்ட் வாளியில் வேலை முடிந்தது.

★ ஒரு சதுர அடி டைல்ஸ் போட்டால் பத்துக்குப் பத்து அறைக்கு 100 வேண்டும். இரண்டுக்கு நாலு போட்டால் 13 போதும். தரையில் கோடு குறைந்தால் கண் தடுக்காமல் ஓடும்.

★ நடு சீலிங்கில் ஒரே ஒரு எல்.இ.டி. பேனல், மேஜை பளிச், மூலைகள் இருட்டு. பெரும்பாலான சின்ன ஆபீஸ்களின் கதை இதுதான். அமெரிக்க ஒளியமைப்பு ஆய்வாளர் ஜான் ஃப்ளின் 1970-களில் ஒரே அறையில் விளக்குகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, உள்ளே இருந்தவர்களின் அபிப்பிராயம் கேட்டார். வெளிச்சம் சுவரில் பட்டபோது அதே அறை விசாலமாக இருப்பதாகச் சொன்னார்கள். கூடுதல் விளக்கு வாங்குமுன், இருக்கிற விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

★ மக்கள் புழங்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஒன்பது அடி. அதிலும் ஃபால்ஸ் சீலிங்! நாலு வயரை மறைக்க ஒரு முழம் உயரத்தைத் தாரைவார்ப்பது எனக்குக் கட்டுப்படியாகாத வியாபாரம்.

★ 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு: பத்தடி சீலிங்கின் கீழ் உட்கார்ந்தவர்களின் சிந்தனை விரிந்து ஓடியது, எட்டடிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் நுணுக்கங்களில் கண் வைத்தார்கள். கணக்கு எழுதுபவர்கள் தாழ்ந்த கூரைக்காகக் கவலைப்பட வேண்டாம்.

★ சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே, பிரான்ஸின் கடலோரத்தில் தனக்காகக் கட்டிக்கொண்ட மரக்குடில் 3.66 மீட்டர் சதுரம், பன்னிரண்டடிதான். ஜன்னல் கதவின் உள்பக்கத்தில் கண்ணாடி பதித்தார். வெளியே இருந்த கடல் உள்ளேயும் வந்தது. கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது என்பதை மறக்கக் கூடாது. எதிரே ஜன்னல் இருந்தால் ஜன்னல் இரண்டு; எதிரே பீரோ இருந்தால் பீரோ இரண்டு.

★ நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா உட்கார்ந்து எழுதிய தோட்டத்துக் குடிசை எட்டடிக்கு எட்டடி. சுழல்மேடை மேல் நின்றது. வெயில் நகர நகரக் குடிசையைத் திருப்பிக்கொள்வார். அதற்கு 'லண்டன்' என்று பெயர். யாராவது தேடி வந்தால், 'ஐயா லண்டன் போயிருக்கிறார்' என்று வீட்டார் பொய் சொல்லாமலே சொல்லலாம்.

★ இத்தனையையும் விடப் பெரிய இடப்பிடுங்கி காகிதம். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியின் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு. வழக்கோ விசாரணையோ நிலுவையில் இருந்தால் அவற்றின் மேல் கை வைக்கக் கூடாது. மற்றவை? எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரின் திருவல்லிக்கேணி ஆபீஸில் '1998–99' என்று மார்க்கரில் எழுதி நாடா கட்டிய ஃபைல்கள் போன வருஷம்வரை லாஃப்டிலும் இரும்பு ராக்கிலும் இருந்தன. எடுத்தால் நாடாதான் கையோடு வந்தது. உள்ளே தாளெல்லாம் அப்பளம். பழைய பேப்பர்காரர் மூன்று நடை வந்து அள்ளிக்கொண்டு போனார். காலி ராக்கை நகர்த்தினால் பின்னால் ஒரு ஜன்னல்! பன்னிரண்டு வருஷமாக வாடகை கொடுப்பவருக்கே அது மறந்துபோயிருந்தது. கொக்கி துருப்பிடித்துப் போயிருந்ததால், கீழே டீக்கடையில் ஒரு கரண்டி எண்ணெய் வாங்கிவரச் சொன்னார்.