ரேம் எப்போது போதாது?

லேப்டாப் மெதுவாகிவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது ரேமைக் கூட்டலாம் என்பதுதான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 75, 80 சதவீதம் என்று காட்டும். அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ரேம் நிறைந்திருப்பது வேறு, ரேம் போதாமலிருப்பது வேறு. காலியாகக் கிடக்கும் ரேம் வீண் என்ற கணக்கில்தான் இயங்குதளங்கள் வடிவமைக்கப்படுகின்றன. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே, நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும் சூப்பர்ஃபெட்ச் வசதி இருந்தது. பிரவுசர்களும் இடம் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அதே வேலைகள் 8 ஜிபி லேப்டாப்பைவிட 16 ஜிபி லேப்டாப்பில் கூடுதல் இடம் பிடிப்பது சகஜம். இயங்குதளம் செய்பவர்களே இதனால் கணக்குக் காட்டும் முறையை மாற்றிக்கொண்டார்கள். ஆப்பிள் 2013-இல் வந்த மேக் இயங்குதளத்தின் மேவரிக்ஸ் பதிப்பில், மெமரிக்கு எவ்வளவு நெருக்கடி என்பதைத் தனி வரைபடமாகவே காட்டத் தொடங்கியது. லினக்ஸ் 2014-இல், வெறும் காலியிடத்தை மட்டும் சொல்லாமல், தேவைப்பட்டால் விடுவித்துக்கொள்ளக்கூடிய இடத்தையும் சேர்த்துச் சொல்லும் கணக்கைத் தந்தது.

நெருக்கடியை அறிய, இடமில்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ரேமில் இடம் தீர்ந்ததும், உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் முதலில் சுருக்கி வைக்கும். அதுவும் போதாதபோது டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். ரேமில் இருப்பதை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும் என்றால், நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு நேரமாகும். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் பல்லாயிரம் மடங்கு. ஆகவே ரேம் பற்றாக்குறைக்கென்று ஓர் அடையாளம் உண்டு: ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதும், விட்டுவைத்த டேபுக்குத் திரும்பும்போதும் லேப்டாப் திணறும். ஒரே ஒரு வேலை ஓடும்போதே மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் சூடாகும் பிராசஸரோ, பழைய ஹார்டு டிஸ்க்கோ, ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும் மென்பொருள்களோதான். வழக்கமான வேலைகள் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 'அவெய்லபிள்' சில நூறு எம்பிக்குக் கீழே இறங்கி, 'கமிட்டட்' அளவு உங்கள் ரேமைத் தாண்டி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து, நாள் தவறாமல் தெரிந்தால் தயங்காமல் கூட்டலாம்.

கூடுதல் ரேமால் கெடுதல் இல்லையே, போட்டுவைத்தால் என்ன என்று கேட்கலாம். கெடுதல் இல்லைதான், பயன்படாத ஜிபிக்களால் வேகமும் இல்லை. விலையும் முன்போல இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டதால் 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மெமரி தயாரிப்பாளரான மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், நுகர்வோருக்கான தன் குரூசியல் வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. கூடுதல் ரேமால் வேகமில்லை என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே ரேம் குச்சியோடு வந்த லேப்டாப்பில் இரண்டாவதைச் சேர்த்தால் இரட்டைத் தடத்தில் தரவு ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புகளில் விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் மேம்படும்.

எதிர்காலத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டாமா என்ற கேள்வி இன்னும் வலுவானது. ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப் என்றால் வாங்க வேண்டும் என்பதே என் பதில். 2020-இல் ஆப்பிளின் எம்1 சில்லு வந்தது முதல் எந்த மேக்புக்கிலும் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. மெல்லிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவும் அப்படித்தான். எவ்வளவு வாங்குவது? விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது, அதை நிறுவ முடியும் என்பதற்கான அளவு மட்டுமே. அதே நிறுவனம் 2024-இல் ஏஐ வேலைகளுக்கென வந்த கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 16 ஜிபியைக் கட்டாயமாக்கியது. ஆப்பிளும் அந்த ஆண்டு அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8-இலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. புதிதாக வாங்குபவர் இதற்குக் கீழே போகாதிருப்பது நல்லது.

ஏற்கெனவே கையில் இருக்கும் லேப்டாப் என்றால், டாஸ்க் மேனேஜரில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் பாருங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அந்த ரேம் பெரும்பாலும் பற்றவைத்தது. 'சோடிம்' என்றிருந்தால் மாற்றலாம். வாங்கும் முன் ரேமின் வகையையும் பாருங்கள்: டிடிஆர்4 குச்சி டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது. பழைய லேப்டாப் என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசஸர் இருந்தால் எத்தனை ஜிபி சேர்த்தாலும் அந்தத் தடை நீங்காது. அத்தகைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்ட நினைப்பவர், இன்னும் ஹார்டு டிஸ்க் இருந்தால், ரேமுக்கு முன் எஸ்எஸ்டிக்குச் செலவழிக்கலாம்.