டிஸ்லெக்சியா: மதிப்பீடும் சிறப்புப் பயிற்சியும்

போதிய அறிவுத்திறன், நல்ல பார்வை, நல்ல செவித்திறன், முறையாகப் பள்ளி செல்லும் வாய்ப்பு ஆகியவை இருந்தும், எழுத்துக்கூட்டி வாசிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் ஒருவருக்குத் தொடர்ந்து இருந்துவரும் இடர்ப்பாடு டிஸ்லெக்சியா எனப்படும். தமிழில் வாசிப்புக் குறைபாடு என்றும் வழங்குவர். இது நோய் அன்று. மருந்தால் தீர்வதும் அன்று. உரிய மதிப்பீடும் அதன் வழிவந்த பயிற்சியும் கிடைத்தால் வாசிப்பு பெருமளவு மேம்படும்.

டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் பயன்படுத்தினார். மூளைப் பாதிப்பால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களையே அவர் குறித்தார். 1896இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன், எந்தப் பாதிப்பும் இல்லாத 14 வயதுச் சிறுவன் ஒருவன் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலாமல் இருந்ததைப் பதிவு செய்தார். அச்சிறுவனுக்கு எண்களை வாசிப்பதிலும் கணக்கிலும் சிரமம் இருக்கவில்லை. ஒன்றில் கெட்டிக்காரனாகவும் மற்றொன்றில் மிகப் பின்தங்கியும் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைத்தான் வகுப்பறைகள் இன்றும் சோம்பல் என்று தவறாக எடுத்துக்கொள்கின்றன.

இடர்ப்பாட்டின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை. பேச்சில் உள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவதிலும், அவற்றை எழுத்தோடு விரைந்து இணைப்பதிலும் உள்ளது. ஆகவே நிறக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் டிஸ்லெக்சியாவுக்குத் தீர்வாகா. அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் 2009இல் கூட்டாக இதைத் தெளிவுபடுத்தியுள்ளன.

மதிப்பீடு

முதலில் பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்படும். பேசத் தொடங்கிய வயது, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய சிரமம் உண்டா, வீட்டு மொழி எது, பயிற்றுமொழி எது என்பவை கேட்டறியப்படும். பின்னர் உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை நடத்துவார். இதன் நோக்கம் மதிப்பெண் வழங்குவதன்று. வாசிப்புச் சிரமம் பொதுவான அறிவுக் குறைவால் வந்ததா இல்லையா எனப் பிரித்தறிவதே.

அடுத்து வாசிப்பு, எழுத்துப் பிழை, கையெழுத்து, ஒலியுணர்வு, குறுகிய கால நினைவு, படங்களையோ எண்களையோ பார்த்தவுடன் பெயர் சொல்லும் வேகம் ஆகியவை அளக்கப்படும். இவற்றுள் பொருளற்ற சொற்களை வாசிக்கச் செய்யும் சோதனை மிகவும் பயனுள்ளது. பாடநூலில் உள்ள பாடத்தை மனப்பாடத்தால் சரளமாக ஒப்பிக்கும் குழந்தை, 'தபுமி', 'கோசலெ' போன்ற சொற்களில் தடுமாறி நின்றுவிடும். பாடநூலைத் தவிர வேறெதையும் வாசிக்கச் சொல்லாத ஆசிரியருக்கு இந்தக் குறை பல ஆண்டுகள் தெரியாமலே போகலாம்.

தமிழ் வழியில் படிக்கும் குழந்தையை ஆங்கிலச் சோதனையால் மட்டும் அளப்பது பிழையான முடிவைத் தரும். ஆங்கிலம் சரியாகக் கற்பிக்கப்படாததையும் டிஸ்லெக்சியாவையும் அது பிரித்துக் காட்டாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கி 2015இல் வெளியிட்ட 'டாலி' சோதனைத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தொடங்கியது. அந்த முதல் வெளியீட்டில் தமிழ் இல்லை.

தமிழ் எழுத்தும் வாசிப்பும்

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதனால் தமிழில் டிஸ்லெக்சியா தவறான வாசிப்பாகத் தெரிவதைவிட, மிக மெதுவான, களைப்பூட்டும் வாசிப்பாகத் தெரியக்கூடும். ஒரே குழந்தை தமிழில் சமாளித்து, ஆங்கிலத்தில் முற்றிலும் தோற்பதும் உண்டு.

ஆனாலும் தமிழுக்கே உரிய சிக்கல்கள் உள்ளன. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி வேறு. 'கெ', 'கை' ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கான குறி முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. குறில் நெடில் வேறுபாடு ஒரு சிறு சுழியில் அடங்கிவிடுகிறது. ல, ள, ழ குழப்பமும் ந, ன, ண குழப்பமும் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அவை மட்டுமே டிஸ்லெக்சியாவின் அறிகுறி ஆகா.

சிறப்புப் பயிற்சி

தமிழ்நாட்டில் டியூஷன் என்றால் பள்ளியில் நடத்திய பாடத்தை மாலையில் மறுபடி நடத்துவது. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அது உதவாது. புரியாத அதே முறை இருமடங்காகிறது, அவ்வளவே. சிறப்புப் பயிற்சி பாடத்தைத் தொடுவதற்கு முன் வாசிப்பைத் தொடுகிறது.

இதன் அடிப்படை, 1930களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியர் ஆனா கில்லிங்காமும் உருவாக்கிய முறை. ஒவ்வோர் ஒலியும் எழுத்தும் வெளிப்படையாக, எளிதிலிருந்து கடினத்துக்கு, வரிசை மாறாமல் கற்பிக்கப்படும். குழந்தை எழுத்தைப் பார்க்கும்; ஒலியை வாய்விட்டுச் சொல்லும்; மணலிலோ சொரசொரப்பான தாளிலோ விரலால் எழுதும். தமிழில் ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, 'படம்', 'பட்டம்' எனச் சொற்கள் கட்டப்படும். முந்தைய படி தானாக வரும்வரை அடுத்த படிக்குப் போவதில்லை. ஒருவருக்கோ இருவர் மூவர் கொண்ட சிறு குழுவுக்கோ, வாரத்தில் பல நாள் குறுகிய நேரம் நடத்துவது, வாரம் ஒரு நாள் நெடுநேரம் நடத்துவதைவிட நல்லது. முன்னேற்றம் மாதக் கணக்கில் அல்ல, பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில்தான் வரும்.

சென்னையில் 1990களின் தொடக்கம் முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், 'அனன்யா' மையத்தின் வழியே இத்தகைய பயிற்சியையும் ஆசிரியர் பயிற்சியையும் அளித்துவருகிறது. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இத்தகைய ஆசிரியர் கிடைப்பது அரிது.

சான்றிதழும் சலுகைகளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியிலேயே முதற்கட்டச் சோதனை நடக்க வேண்டும் என்றது. சான்றிதழுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைக் குறிப்பிட்டது. 14 வயதில் மறுமதிப்பீடு வேண்டும் என்றும், 18 வயதில் பெறும் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றும் அந்த வழிகாட்டுதல் கூறியது.

சான்றிதழ் பெற்றவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது சலுகைக்காக மட்டும் மதிப்பீட்டுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. சலுகை கிடைத்துவிடும், ஆனால் வாசிப்பைச் சீர்செய்ய எளிதாக இருந்த தொடக்கப்பள்ளி ஆண்டுகள் அதற்குள் கடந்திருக்கும். அந்த வயதிலும் அதற்குப் பிறகும் பயிற்சி பயன் தரும். பெரியவர்களுக்கு, சிறுவர் கதைகளுக்குப் பதில் விண்ணப்பப் படிவம், ஓட்டுநர் உரிமத் தேர்வுக் கேள்விகள், வேலையிடக் கடிதங்கள் ஆகியவற்றை வாசிப்புப் பொருளாகக் கொண்டு அதே படிமுறை பின்பற்றப்படுகிறது.