உங்களுக்குத் தெரியுமா? புது கோச்சும் நம் அளவான ஆசையும்

கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ராத்திரி ஏழரை மணி மேட்ச்சைப் பார்த்துவிட்டுக் கிளாம்பாக்கம் வந்து பஸ் ஏறினால், திண்டிவனம் தாண்டும்போதே நள்ளிரவு கடந்துவிடும். அப்படிப் போய்வர முடியாதவர்களுக்கு டிவியும் செல்போனும்தான் கேலரி. கால்பந்து அணியான சென்னையின் எஃப்சிக்கு 2025 அக்டோபரில் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்த சேதி கேட்டு நம் பக்கத்து ரசிகர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் யாரும் பட்டாசு வாங்கவில்லை. "நல்ல கோச்தான், பாப்போம், முதல்ல அஞ்சு மேட்ச் போகட்டும்" என்பதுதான் பேச்சு. இப்படி நிதானமாகப் பேசவைத்தது அந்த அணியின் 11 வருடச் சரித்திரம்.

★

வந்திருப்பவர் கிளிஃபோர்டு மிராண்டா. கோவாக்காரர். டெம்போ அணியிலும் இந்திய அணியிலும் நடுக்களத்தில் ஆடியவர். 2014-இல் தொடங்கிய சென்னையின் எஃப்சிக்கு நிரந்தரப் பொறுப்பில் வந்த முதல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் இவர்தான். இவருக்கு முன்னால் இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினிக்ரோ, ஜெர்மனி என்று வரிசையாக வெளிநாட்டுக்காரர்கள். இடையில் 2022-இல் சில ஆட்டங்களுக்கு மட்டும் நம் சையது சபீர் பாஷா தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். இந்தியன் வங்கி அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய பாஷாவுக்கு அந்த நாற்காலி நிரந்தரமாகவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

★

மிராண்டாவுக்கும் சென்னைக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2020 தொடக்கத்தில் எஃப்சி கோவா தன் ஸ்பெயின் பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவை நடு சீசனில் அனுப்பிவிட்டு, மிராண்டாவிடம் அணியைக் கொடுத்தது. கோவா லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்து அரையிறுதி. எதிரே சென்னையின் எஃப்சி. சென்னையில் 4-1 என்று நாம் ஜெயித்தோம். கோவாவில் 4-2 என்று அவர்கள் ஜெயித்தார்கள். இரண்டையும் கூட்டினால் 6-5. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் மிராண்டாவின் அணியை வெளியேற்றிவிட்டு இறுதிப் போட்டிக்குப் போனது சென்னை. அன்று எதிர் பெஞ்சில் நின்றவர் இன்று நம் பெஞ்சில்.

★

அவர் மேல் நம்பிக்கை வைக்க வலுவான காரணம் 2023 ஏப்ரல் 25. கோழிக்கோட்டில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிஷா எஃப்சி, பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தியது. ஒடிஷாவுக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. தற்காலிகப் பொறுப்பில் இருந்த மிராண்டாதான் அப்போது பயிற்சியாளர். அந்த அணியின் விங்கரைத் தெரியுமா? சென்னைக்காரர் நந்தகுமார் சேகர். நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிரான அரையிறுதியில் 2 கோல் அடித்தவர். அதே வருடம் ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில், டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்துக் கொல்கத்தாவையே தன் பெயரைச் சொல்லவைத்தார். ஒரு தமிழ்ப் பையன் மிராண்டாவின் கீழ் நன்றாக ஆடியிருக்கிறான் என்பது நம் ஊர் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

★

சென்னையின் எஃப்சியின் முதல் கோச் மார்கோ மேட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதேன் தலையால் முட்டியது இவரைத்தான். அந்த ஆட்டத்தில் இத்தாலிக்குக் கோல் அடித்தவரும் இவரே. 2014-இல் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். முதல் சீசனிலேயே லீக்கில் முதலிடம், ஆனால் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோல்வி.

2015-ஐ யாராலும் மறக்க முடியாது. ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. கடைசி ஆட்டங்களைத் தொடர்ச்சியாக ஜெயித்து மேலே வந்தது. அரையிறுதி வந்தபோது சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்த மைதானத்தில் ஆட வழியில்லை. கொல்கத்தாவுக்கு எதிரான 'உள்ளூர்' ஆட்டம் புனேவுக்குப் போனது. வீடு வாசல் நனைந்த ஊருக்காக வேறு மாநிலத்தில் நின்று 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி. எதிரணியான எஃப்சி கோவாவுக்குப் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிக்கோ. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியதும் எத்தனையோ வீடுகளில் டிவியை அணைத்திருப்பார்கள். 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கைபட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. ஸ்டாப்பேஜ் டைமின் இரண்டாம் நிமிடத்தில் ஸ்டீவன் மென்டோசா அடித்தார். 3-2. கோப்பை நமக்கு.

அடுத்த வருடம் அதே மேட்டராஸி, 8 அணிகளில் 7-ஆவது இடம்.

★

2017-இல் வந்தவர் ஜான் கிரெகரி. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை 2000-ஆம் ஆண்டு எஃப்ஏ கோப்பை இறுதிக்குக் கூட்டிப்போனவர். வந்த சீசனிலேயே கோப்பை! 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். சுனில் சேத்ரி 9-ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று திருப்பிக் கொடுத்து, எதிரியின் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்தார்கள். நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ்.

அடுத்த சீசன்? 18 ஆட்டங்களில் 2 வெற்றி. 9 புள்ளி. கடைசி இடம். கோச்சும் அதே ஆள், அணியும் பெரும்பாலும் அதேதான். சென்னை ரசிகர் யாராவது புது கோச்சைப் பற்றி அளந்து பேசினால், இந்த இரண்டு சீசன்களையும் கண்ணால் பார்த்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

★

8, 8, 8. இது என்ன எண் தெரியுமா? 2020-21, 2021-22, 2022-23 என்று மூன்று சீசன்களிலும் சென்னையின் எஃப்சி பிடித்த இடம். மூன்றுக்கும் மூன்று கோச். ஹங்கேரியின் சபா லாஸ்லோ காலத்தில் 20 ஆட்டங்களில் 11 டிரா. அடுத்து, தாய்லாந்தில் புரிராம் அணியோடு பட்டம் வென்ற போசிதர் பாண்டோவிச். கோவாவிடம் 0-5 என்று தோற்ற கையோடு வேலை போனது. மூன்றாவதாக, அல்பேனியாவில் கோப்பை வென்றுவிட்டு வந்த ஜெர்மன்காரர் தாமஸ் பிரடாரிச். மூவரும் வேலை தெரியாதவர்கள் இல்லை. ஆள் மாறினார்கள், இடம் மாறவில்லை. பிரச்சினை பெஞ்சில் நிற்பவரிடம் மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வீரர்களை எடுப்பது, தக்கவைப்பது, பணம் போடுவது எல்லாம் கோச் கையில் மட்டுமா இருக்கிறது?

★

ஓவன் காய்ல் இரண்டு தடவை வந்தார். 2019 டிசம்பரில் முதல் தடவை. அப்போது அணிக்கு 6 ஆட்டங்களில் 5 புள்ளி. அங்கிருந்து தூக்கி 4-ஆவது இடம், பிறகு இறுதிப் போட்டி. கொரோனா பரவிய 2020 மார்ச் 14-இல், ஒரு ரசிகர்கூட இல்லாத ஃபட்டோர்டாவில் கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது நம் அணி. அந்த சீசனில் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் அடித்த கோல்கள் 15.

2023-இல் காய்ல் திரும்பி வந்தபோது ஆரவாரம் பெரிது. முதல் வருடம் 6-ஆவது இடமும் பிளே-ஆஃப் வாய்ப்பும் கிடைத்தன. அடுத்த வருடம் 13 அணிகளில் 11-ஆவது.

★

நல்ல கோச்சும் இடம் பொருந்தாவிட்டால் தோற்பார் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் பிரையன் கிளஃப். 1974-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அணிக்கு வந்தார். 44 நாளில் வெளியே அனுப்பினார்கள். அதே மனிதர் 1975 ஜனவரியில், இரண்டாம் டிவிஷனில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை எடுத்தார். 1978-இல் இங்கிலாந்து லீக் பட்டம். 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸுக்கும் ஃபாரஸ்ட்டுக்கும் இடையே அவருடைய மூளை ஒன்றும் மாறிவிடவில்லை.

★

யாரும் எதிர்பார்க்காத கோச் வந்து கோப்பை தந்த கதை தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னை சிட்டி எஃப்சி 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-ஆவது. அடுத்த சீசனுக்குச் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் வந்தார். அங்கே டாம்பனீஸ் ரோவர்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். இந்தியாவில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. ஸ்பெயினிலிருந்து பெத்ரோ மான்சி உள்ளிட்ட சிலரைச் சேர்த்துக்கொண்டு, தமிழ்ப் பையன்களோடு கலந்து, பந்தைத் தரையோடு உருட்டி ஆடவைத்தார். மான்சி 21 கோல். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாபுக்கு எதிராக முதலில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 3-1 வெற்றி. முடிவில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளியில் இந்தியப் பட்டம் கோவைக்கு வந்தது.

அந்த க்ளப் சில வருடங்களிலேயே தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்துபோனது. கோவையில் அன்று கத்திக் களித்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இன்று ஆதரிக்க அணியே இல்லை. இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

★

இந்தியப் பயிற்சியாளர்களை நம்பலாமா என்ற கேள்விக்குக் காலித் ஜமீலும் ஒரு பதில். வடகிழக்கின் சின்ன க்ளப்பான ஐஸ்வால் எஃப்சியை 2016-17 ஐ-லீக் சாம்பியனாக்கியவர். சென்னையின் எஃப்சி ஆடும் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர். 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே கோச் ஆனார். அந்த இடத்துக்கு 13 வருடத்துக்குப் பிறகு ஓர் இந்தியர். தொடங்கியதும் மத்திய ஆசியப் போட்டியில் 3-ஆவது இடம் கிடைத்தது, ஓமனையே பெனால்டியில் வீழ்த்தினார்கள். இரண்டு மாதத்தில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி, ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. ஆகஸ்டில் கொண்டாடியவர்களில் சிலர் நவம்பரிலேயே ஆளை மாற்றச் சொன்னார்கள்.

★

மிராண்டா பொறுப்பேற்றபோது லீக் நடக்குமா என்பதே உறுதியில்லை! கால்பந்துச் சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல்லை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்காததால் ஜூலையிலேயே சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஊழியர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்த க்ளப்களில் சென்னையும் ஒன்று. அந்த நிலையில் அவசரமாக ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு மிராண்டா கோவாவுக்குச் சூப்பர் கோப்பை ஆடப் போனார். முதல் ஆட்டம் மோகன் பகானிடம் 0-2. அடுத்தது ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. இந்தக் கணக்கை அவர் தலையில் எழுதுவது நியாயமே இல்லை. முன்தயாரிப்பு இல்லாமல், சீசனே இல்லாமல் நின்ற வீரர்களோடு யார் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

★

நம் பக்கத்தில் கால்பந்து இல்லை என்று யார் சொன்னது? கூட்டுரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடலூர், இந்திய மகளிர் அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசனைத் தந்த ஊர். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கடலூர் இந்திரா காந்தி அகாடமி, இந்திய மகளிர் லீக்கிலேயே ஆடிய அணி. 2018-இல் மணிப்பூரை இறுதியில் வென்று தேசிய மகளிர் சாம்பியன் ஆன தமிழக அணியிலும் இந்துமதி இருந்தார்.

ஆண்களில் மட்டும் பெயர்கள் வியாசர்பாடியிலிருந்தும் குமரிக் கடற்கரையிலிருந்துமே வருகின்றன. வியாசர்பாடியில் 1997 முதல் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பந்தும் படிப்பும் சேர்த்துக் கொடுத்துவரும் அமைப்பு ஒன்று இருக்கிறது. குமரியில் மீனவக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகப் பந்தாடுகின்றன. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளி மைதானங்களுக்கும் க்ளப்பின் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். புது கோச்சிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்று அனுமதி என்றால் கோப்பையைக் கேட்க மாட்டேன், இதைத்தான் கேட்பேன்.

★

2024-25 சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 24 லீக் ஆட்டங்கள். தாமதமாகி, 2026 பிப்ரவரி 14 என்று நாள் குறிக்கப்பட்ட சீசனில் 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டங்கள். ஒருவரோடு ஒருவர் ஒரே ஒரு தடவைதான் மோதல். அதாவது ஓர் அணிக்கு 13 ஆட்டம். முதல் மூன்றில் சறுக்கினாலே கிட்டத்தட்ட கால் பங்கு சீசன் போய்விடும். "அஞ்சு மேட்ச் போகட்டும்" என்று நம் ஆட்கள் கொடுக்கும் தவணையை, இந்தத் தடவை மட்டும் அடுத்த சீசன் வரைக்கும் நீட்டிக் கொடுக்கலாம்.