அண்டாவில் ஒரு வள்ளல்!

எங்கள் பெரியப்பா ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லிவிட்டால், அது சரித்திரம்!

குடும்ப வரலாறு எழுதுகிறேன் பேர்வழி என்று நான் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பியபோது, அவர் பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கினார். விளிம்பில் முப்பாட்டனார் பெயர். பக்கத்தில், 'தாது வருஷம் தை மாதம்'.

"தாது வருஷப் பஞ்சத்துல ஊருக்கே கஞ்சி ஊத்தின அண்டாடா! குலதெய்வம் கோயில்ல கல்லு வைக்கப் போறோம். 'கஞ்சி வார்த்த வள்ளல்'னு வாசகம் எழுதிக் குடு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாள் ஆபீஸில் அளந்தேன். பக்கத்து சீட் நண்பர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"எந்தத் தாது சார்?"

தூக்கிவாரிப் போட்டது. தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருமே! சென்னை மாகாணத்தை 1878 வரை வாட்டிய பஞ்சம் தொடங்கிய தாது, 1876. அடுத்த தாது 1936. அதற்கடுத்தது 1996. சரி, பெயரை வைத்துப் பிடிக்கலாமா? நம் வீடுகளில் தாத்தா பெயர்தானே பேரனுக்கு! முப்பாட்டனாரின் பேரனுக்கும் அதே பெயர். அண்டாவில் இனிஷியலும் கிடையாது.

கடைசியில் கைகொடுத்தது, டிரங்குப் பெட்டியில் கிடந்த மொய் நோட்டு. அந்தப் பேரனின் கல்யாணம், 1937 பிப்ரவரி முதல் வாரம். 'தாய்மாமன் வகையில் பித்தளை அண்டா 1, பெயர் வெட்டியது.' குடும்பப் பெருமையில் பொய் கலக்கலாம். மொய் நோட்டில் கலக்க முடியாது. திருப்பிச் செய்ய வேண்டுமே!

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "அண்டா வேறயா இருக்கட்டும். கஞ்சி ஊத்தினது நிஜம். எங்கப்பா சொன்னார்."

திண்ணையிலிருந்த தொண்ணூறு வயது அத்தைப் பாட்டி வாயைத் திறந்தாள்.

"ஊத்தினவர் இல்லடா... வாங்கிக் குடிச்சவர். நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கஞ்சித் தொட்டிக்குப் போனாராம். ரெண்டுதான் திரும்பிச்சாம். எங்க பாட்டிக்கு அவர் மாமனார். சொல்லிச் சொல்லி அழுவா."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியப்பா மெல்லக் கேட்டார்: "இதுக்கு மட்டும் என்ன ஆதாரம்?"

நியாயமான கேள்வி. இதுவும் வாய்மொழிதான், கை மாறிக் கை மாறி வந்ததுதான். பெருமைக்காகக் கதை கட்டுவார்கள். பிச்சைக் கஞ்சி குடித்தோம் என்று கட்டுவதில் யாருக்கு என்ன லாபம்? அதனால் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். ஆனால் அதுவே சாட்சியாகிவிடாது. எனவே என் நோட்டில் மொய்க் கணக்கை மையால் எழுதினேன். பாட்டி சொன்னதைப் பென்சிலால் - யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்ற விவரத்தோடு.

கல்லுக்கு வாசகம்? ஒரு வாரம் யாரோடும் பேசாமலிருந்த பெரியப்பா போன் செய்தார்.

"வள்ளல் வேணாம்டா. 'தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்த குடும்பம்'னு போடு."

இதற்கு ஆதாரம் கேட்கிறீர்களா? கல் நட்ட அன்றைக்குப் பொங்கல் வைக்க முப்பத்தேழு பேர் வந்திருந்தோமே, சார்!