நேராகப் போகத் தெரியாத படகு

ஓசூரில் செய்கிற பொருள் எதுவானாலும் அதற்கு ஒரு ஜாதகம் உண்டு. பைக்கைப் புரட்டினால் சேசிஸ் எண், கைக்கடிகாரத்தைத் திருப்பினால் முதுகில் எண், லாரிக்குத் தகட்டில் எண். அதே ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று காட்டுப் பாதையில் இறங்கினால், காவிரிக் கரையில் எண்ணும் தகடும் கம்பெனிப் பெயரும் இல்லாத ஒரு வாகனம் காத்திருக்கும். ஒகேனக்கல் பரிசல்.

குடும்பமாகப் படகு கட்டுகிறவர்களின் கதையை எழுத வேண்டுமென்றால் இந்தப் பகுதியில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதைக்குத் தொடக்க ஆண்டு கிடையாது. யார் செய்தது என்று கேட்டால் அப்பாவையோ பெரியப்பாவையோ கைகாட்டுவார்கள். அவ்வளவுதான் பதிவேடு.

மூங்கிலும் தாரும்

முற்றிய மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கணுவைச் சீவி, வளைத்தால் முறியாத பிளாச்சுகளாக்குவது முதல் வேலை. அவற்றைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக முடைந்துகொண்டே வருவார்கள். அடிப்பாகம் ஆனதும் அதன்மேல் கல்லை ஏற்றி அழுத்திவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேல்நோக்கி வளைப்பார்கள். சூட்சுமமெல்லாம் விளிம்பில் இருக்கிறது. பிளாச்சுகளைக் கயிறு முறுக்குவதுபோல் சுற்றிப் பின்னி இறுக்க வேண்டும். விளிம்பு தளர்ந்தால் பரிசல் வாயைப் பிளந்துவிடும். கடைசியில் உறை. ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் காய்ச்சிய தார்.

ஏழெட்டு அடி அகலத்தில் ஒரு பெரிய கூடை. அதைக் கவிழ்த்து ஒரே ஆள் தலையில் தூக்கிக்கொண்டு பாறைமேல் நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை ஒன்று எழுந்து நடப்பதுபோல் இருக்கும்.

முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லாததால், துடுப்பைச் சரியாகப் போடாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். இதைக் குறை என்று நினைப்பவர் அந்த ஆற்றைப் பார்க்காதவர். பாறையும் சுழலுமான காவிரியில் நீளமான படகின் மூக்கு இடிக்கும். பரிசலோ பாறையில் பட்டால் உருண்டு விலகும், சுழலில் மாட்டினால் தானும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வரும். தட்டையான அடி என்பதால் முழங்கால் தண்ணீரே போதும்.

குதிரை ஏறிய கூடை

இது ஒகேனக்கல்லுக்கு மட்டும் சொந்தமல்ல. கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகக் கூடைபோல் உருண்டையான படகுகளில் பதினைந்து இருபது பேர் ஏறியதையும், குதிரையும் எருதும்கூட அக்கரை போனதையும் எழுதி வைத்திருக்கிறார். மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1933-ல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அரசுகள் மாறின, எல்லைகள் மாறின. படகின் வடிவம் மட்டும் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான படகு ஒன்று கேரளத்தின் குட்டநாட்டில் இருக்கிறது. நூறடிக்கு மேல் நீளம், எண்பதுக்கு மேல் துடுப்புக்காரர்கள், நேராகப் பாய்வதைத் தவிர வேறு வேலை இல்லாத சுண்டன் வள்ளம். கோழிமுக்கு நாராயணன் ஆசாரி கட்டிய காரிச்சால் சுண்டன் 1970-ல் நீரில் இறங்கியது. 2024-ல் அது தன் 16-வது நேரு கோப்பைப் படகுப் போட்டியை வென்றது; இரண்டாவதாக வந்த வீயபுரம் சுண்டனை அது முந்திய நேரம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. நாராயணன் ஆசாரியின் குடும்பத்தில் பிள்ளைகளும் உளி பிடித்தார்கள். அயினி மரத்தில் செய்த படகு அரை நூற்றாண்டு தாங்குகிறது, அதனால் கட்டியவர் பெயரும் கூடவே மிதக்கிறது.

பரிசலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாறை உரசித் தார் பெயரும், மூங்கில் மக்கும். மறுபடி முடைந்தாக வேண்டும்.

பிலிகுண்டுலு சொல்லும் எண்

ஒகேனக்கல்லுக்கு ஆற்றில் கொஞ்சம் மேலே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது பிலிகுண்டுலு. கர்நாடகத்திலிருந்து வரும் நீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் இடம். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று சொன்னதும், உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை 177.25 ஆக்கியதும் இந்த இடத்துக் கணக்கில்தான். டெல்டா விவசாயி கவலையோடு பார்க்கும் நீர்வரத்து எண்ணைத்தான் பரிசல்காரரும் காலையில் கேட்டுக்கொள்கிறார். வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். 2018, 2019, 2022 வெள்ளங்களில் நீர்வரத்து விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியது. பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. 2024 கோடையில் அது சில நூறு கன அடியாகச் சுருங்கியபோது பரிசல் போக வழியே குறைந்தது. அதிகமானாலும் அடுப்பு எரியாது, குறைந்தாலும் எரியாது.

வேறு சில சுற்றுலா இடங்களில் ஃபைபர் பரிசல்கள் வந்துவிட்டன. அவை மக்காது, தார் பூசும் வேலையும் இல்லை. நல்லதுதான். ஆனால் பரிசல் மக்கியதால்தான் இத்தனை காலம் முடையும் கை மக்காமல் இருந்தது. புதிது தேவைப்பட்டபோதெல்லாம் அப்பன் முடைந்தார், பக்கத்தில் உட்கார்ந்து பிளாச்சு எடுத்துக் கொடுத்த பிள்ளை கற்றுக்கொண்டான். இருபது வருடம் உழைக்கும் படகு வந்தால், அந்த இருபது வருடத்தில் பிளாச்சு எடுத்துக் கொடுக்க ஒரு பிள்ளைக்கும் வேலை இருக்காது.

மாலையில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீன் வறுவல் வாசம் பிடித்துக்கொண்டு ஓசூர்க்காரர்கள் வண்டி ஏறுகிறார்கள். பரிசல்காரர் படகைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். உள்ளே ஒரே இருட்டு. எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால், அங்கே தார் போட வேண்டும். வேறு சர்வீஸ் ரிப்போர்ட் இந்த வண்டிக்குக் கிடையாது.